டிரங்குப் பெட்டியில் பட்டாளத்துக் கடிதங்கள்: எடுப்பது, பிரதி எடுப்பது, பத்திரப்படுத்துவது

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1942-இல் பட்டாளத்துக்குப் போனவர். அதற்கு முன் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓட்டத் தெரிந்த ஆட்களை ராணுவம் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அசாம் பக்கமும் பர்மா எல்லையிலும் லாரி ஓட்டினார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதமெல்லாம் அந்தச் செட்டியாரின் பெரிய வீட்டு விலாசத்துக்கே வரும். கணக்கப்பிள்ளை படித்துக் காட்டுவார். படித்து முடித்ததும் அங்கேயே ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார். அப்படிச் சேர்ந்தவை 118 கடிதங்களும் கார்டுகளும்.

எண்பது வருடம் அந்தப் பெட்டியில் கிடந்து அவற்றுக்கு ஆன சேதத்தைவிட, நாங்கள் வெளியே எடுத்த முதல் இரண்டு வாரத்தில் செய்த சேதம் அதிகம். வேலை முழுதும் முடிய 14 மாதமும் ஏறக்குறைய 15,000 ரூபாயும் ஆயின. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நாலைந்து மாதத்தில் முடித்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டு இருந்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. பெட்டி யாருடையது, எழுத்து யாருடையது

நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். சாவி ஒருவரிடம் இருக்கும், அறை இன்னொருவர் பங்கில் இருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு எடுத்து வரலாம் என்று நினைக்காதீர்கள். நான் ஆடி மாதத்தில் இரண்டு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்புறம்தான் புரிந்தது: படைப்பு (முன்னோர்களுக்குப் படைக்கும் சடங்கு), கல்யாணம், ஊர்க்கோயில் திருவிழா என்று பங்காளிகள் கூடும் நாளில்தான் போக வேண்டும். தை மாதம் படைப்புக்கு அந்தப் பெரிய வீட்டு ஆச்சி வந்திருந்தபோது போய்க் கேட்டேன். அரை மணி நேரத்தில் அனுமதி கிடைத்தது.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். "இன்ன வீட்டில், இன்ன அறையில் இருந்த பெட்டியிலிருந்து இத்தனை கடிதங்கள் இன்ன தேதியில் இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டன" என்று வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம். ஆனால் அதில் உள்ள எழுத்தை அச்சிடும் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. பொதுவாக இந்தியப் பதிப்புரிமைக் காலம் எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். அவர் இறந்த பின்பு முதல்முறை வெளியாகும் எழுத்தென்றால், வெளியான பிறகு 60 வருடம். ஆகவே அத்தை, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2. எந்த மாதத்தில் திறப்பது

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும். வெளியே எடுத்த பழைய தாள் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் தாள் மொறமொறவென்று காய்ந்து மடிப்பில் ஒடியும்.

முற்றத்தில் வெயில் நன்றாக இருக்கிறதே என்று அங்கே பரப்பாதீர்கள். நெல்லுக்கும் வற்றலுக்கும்தான் வெயில். மையை அது வெளுக்க வைத்துவிடும். பட்டாலையில் நிழலாக ஒரு இடம் பார்த்து, மேசைமேல் துவைத்த வெள்ளைத்துணி விரித்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும், கையுறை வேண்டாம். கையுறையோடு மெல்லிய தாளைத் தூக்கினால் ஓரம் கிழிவதே தெரியாது. காபி டம்ளர் அடுத்த அறையில் இருக்கட்டும்.

3. இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு இதுதான். பெட்டியைத் திறந்த அன்றே ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டோம். "கவரெல்லாம் தனியா வைங்க, லெட்டர் தனியா வைங்க" என்று நானே சொன்னேன். சுத்தமாக வேலை செய்கிறோம் என்ற நினைப்பு. பல கடிதங்களில் தேதி உள்ளே இல்லை. உறையின் முத்திரையில்தான் இருந்தது. எந்த உறை எந்தக் கடிதத்துக்கு என்று பொருத்த மூன்று வாரம் ஆனது. 11 உறைகளுக்கு இன்றுவரை ஜோடி தெரியவில்லை.

பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு போட்டோ. ஒரு கட்டை வெளியே எடுத்ததும் இன்னொரு போட்டோ. எந்தச் சரடில் கட்டியிருந்தது, எதற்கு மேல் எது இருந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல், 1 முதல் எண் போடுங்கள். உறைக்கும் அதனுள் இருக்கும் கடிதத்துக்கும் ஒரே எண். பேனா, ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. துருப்பிடித்த குண்டூசி இருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். தாளைச் சமமாகப் பிடித்துக்கொண்டு, ஊசியை மெதுவாக உருவுங்கள்.

குப்பை மாதிரித் தெரிவதையும் எறியாதீர்கள். மணியார்டர் கூப்பனை நான் குப்பையில் போடப் பார்த்தேன். அந்தத் துண்டுச்சீட்டில் ஐயா இரண்டு வரி எழுதியிருந்தார். சில மாதங்களுக்கு அது ஒன்றுதான் செய்தி.

4. நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்கள்

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். 90-களில் அப்பா ஆறு கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு கடையில் லேமினேட் செய்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே தாள் பழுத்துக்கொண்டே போகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செல்லோடேப்பும் அப்படித்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிந்த கடிதத்தைக் கிழிந்தபடியே ஒரு தாள் உறையில் வையுங்கள். உண்மையிலேயே சரிசெய்ய வேண்டிய நிலை என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள்.

ஈரத்துணியால் துடைப்பது எல்லாவற்றிலும் மோசம். அந்தக் காலத்தில் காப்பி பென்சில் என்று ஒன்று இருந்தது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் எழுத்து மாதிரிச் சாம்பலாகத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதா நிறத்தில் பரவிவிடும். எங்களிடம் இருக்கும் 43-ஆம் எண் கடிதத்தில் நாலு வரி இப்போது ஊதாக்கறையாக இருக்கிறது. தூசியை மெல்லிய பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள், போதும்.

பூச்சிக்கு வசம்பு, காய்ந்த வேப்பிலை எல்லாம் பெட்டியில் போடலாம். ஆனால் துணியில் முடிந்து ஒரு மூலையில் போடுங்கள், தாளில் படக்கூடாது. அந்துருண்டையும் தாளைத் தொடக்கூடாது. ராமபாணப் பூச்சி நடமாட்டம் கண்ணில் பட்டால் கடிதக்கட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாள்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

5. ஸ்கேன் செய்வது

கண்ணாடிமேல் தாளைப் படுக்க வைக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனர்தான் சரி. தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையை நினைத்தும் பார்க்காதீர்கள். எங்களுக்குச் சுமார் 5,500 ரூபாய் ஆனது. வேலை முடிந்ததும் சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன்.

600 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் வடிவம். ஒரு போஸ்ட்கார்டு பக்கம் ஏறக்குறைய 20 எம்பி, ஏ4 அளவுத் தாள் 100 எம்பி வரை வரும். பெரிது என்று பயப்பட வேண்டாம். அசல் பிரதி இதுதான். சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்குத் தனியாக ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெளிறிய பென்சில் கோடும் சென்சார் (ராணுவத் தணிக்கை) முத்திரையும் காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

முன்பக்கம், பின்பக்கம், உறையின் இரு பக்கம், வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எங்கள் 118-க்கு 400 படங்கள் வந்தன. ஒரு மணி நேரத்துக்கு 25, 30 படத்துக்கு மேல் ஓடாது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை. கோப்புக்குப் பென்சிலால் போட்ட எண்ணையே பெயராக வையுங்கள். தேதியை வைத்தால், பிறகு தேதி தப்பு என்று தெரியும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

மொத்தம் மூன்று பிரதி: ஒரு ஹார்ட் டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு ஹார்ட் டிஸ்கில். பென் டிரைவை நம்பி இருக்காதீர்கள்.

6. தேதியும் இடமும் கண்டுபிடிப்பது

எனக்குப் பிடித்த வேலை இதுதான். பொறுமை வேண்டும்.

அந்தத் தலைமுறை ஆட்கள் தமிழ் வருடத்தில் தேதி போடுவார்கள். யுத்தகாலக் கடிதமென்றால் இவ்வளவு தெரிந்தால் போதும்: விஷு 1941-42, சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46. வருடம் ஏப்ரல் நடுவில் மாறும் என்பதை மறக்காதீர்கள். சித்திரபானு வருடத் தை மாதம் என்றால் 1943 ஜனவரி, 1942 அல்ல. நான் முதலில் பத்துக் கடிதத்துக்கு ஒரு வருடம் பிசகிப் போட்டிருந்தேன்.

பிறகு குறிகள். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. "சித்திரபானு ௵ ஆவணி ௴ ௧௨ ௳" என்பது 1942 ஆகஸ்ட் கடைசி வாரம். எண்கள் எழுத்தைப் போலவே இருக்கும்: ௧ க மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி. கடிதத் தலையில் இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி. என் அக்கா மகன் அதை ௨ என்று படித்து, எல்லாக் கடிதத்துக்கும் "இரண்டாம் பக்கம், முதல் பக்கம் காணவில்லை" என்று எழுதி வைத்திருந்தான்.

கடிதத்துக்குள் இடத்தின் பெயரைத் தேடாதீர்கள். எழுத அனுமதி கிடையாது. உறையில் எஃப்.பி.ஓ. என்ற எழுத்தும் ஒரு எண்ணும் தேதியும் உள்ள முத்திரை இருக்கும். அது களத் தபால் நிலையம். அந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று தபால் வரலாறு சேகரிப்பவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும்போது உறையின் படத்தை மட்டும் அனுப்புங்கள். தபால்தலையைப் பிரித்தெடுத்து விற்கச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். முத்திரையோடு கூடிய முழு உறைதான் சாட்சி.

கடிதத்தில் சன்னல் மாதிரி ஓட்டை இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். "எலி கடிச்சது" என்று அத்தை சொன்னார். எலி நேர்கோட்டில் கடிக்காது. சென்சார் அதிகாரி பிளேடால் வெட்டி எடுத்த இடம் அது.

இடைவெளியும் ஒரு தகவல்தான். எங்கள் கட்டில் சுபானு மாசிக்குப் பிறகு தாரண ஆனி வரை ஒரு வரி கூட இல்லை. கடிதங்கள் தொலைந்துவிட்டன என்றே நினைத்தோம். 1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பால், கொஹிமா பக்கம் தாக்கினார்கள். திமாப்பூர் - இம்பால் சாலை துண்டிக்கப்பட்டு ஜூன் 22-ஆம் தேதிதான் திறந்தது. அந்தச் சாலையில் லாரி ஓட்டியவர் அவர். அதற்குப் பிறகு வந்த முதல் கடிதத்தில் "இவ்விடம் க்ஷேமம்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் செவலைக் கன்றை விற்றீர்களா என்ற கேள்வி. வேறொன்றும் இல்லை.

பெரிய வீட்டுப் பழைய பேரேட்டையும் பார்க்க அனுமதி கேளுங்கள். ஐயா அனுப்பிய பணம் எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. மற்றவர் கணக்கும் அதே பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் படமெடுங்கள்.

உங்கள் கடிதங்கள் 1962, 1965, 1971 போர்க் காலத்தவை என்றால் வேலை சுலபம். ஒரே எச்சரிக்கை: "56 ஏ.பி.ஓ.", "99 ஏ.பி.ஓ." என்பவை ஊர் அல்ல, ராணுவத் தபாலின் பொது விலாசம். இன்லண்ட் லெட்டரின் பசை ஒட்டிய மடிப்பை நெம்பாதீர்கள்.

7. ராணுவப் பதிவைக் கேட்டு வாங்குவது

முதலில் பதக்கத்தைத் தேடுங்கள். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் ராணுவ எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், பாலிஷ் போடாதீர்கள். பதக்கம் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பே புக், உறையின் பின்பக்கம். எண் இல்லாமல் விண்ணப்பம் போடுவது வீண் தபால்செலவு.

எந்தப் படைப்பிரிவோ அதன் பதிவு அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. லாரி, சப்ளை வேலை பார்த்த ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸின் (ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.) வாரிசு இன்றைய ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் (ஏ.எஸ்.சி.); தெற்குப் பதிவு அலுவலகம் பெங்களூருவில். தாத்தா பட்டாளத்துக்காரர் என்றாலே மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று நினைத்து நான் முதலில் தப்பான இடத்துக்கு அனுப்பி இரண்டு மாதத்தை விட்டேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகவோ மத்திய அரசின் ஆன்லைன் தளத்திலோ. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் திருப்தியில்லை என்றாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தனிநபர் தகவல் என்று மறுத்தால் பிரிவு 8(3)-ஐச் சுட்டிக்காட்டுங்கள்: 20 வருடத்துக்கு முந்தைய விஷயங்களுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. இணைக்க வேண்டியவை இறப்புச் சான்று, உறவைக் காட்டும் ஏதாவது ஒரு ஆவணம், உங்கள் ஆதார் நகல். வாரிசுச் சான்றிதழுக்காக நான் வீணாக அலைந்தேன். கடைசியில் அதை யாரும் கேட்கவே இல்லை.

ஊர் விவரத்தில் கவனம். சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் உருவானது; அன்றைய பதிவில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும். செட்டிநாட்டின் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் என்றால் 1948 வரை அது புதுக்கோட்டை சமஸ்தானம். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மூன்று நாலு விதமாகக் கொடுங்கள்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மா, மலாயா பக்கம் இறந்து உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் யாங்கோன் அருகே தாவுக்கியானிலும் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் உள்ள நினைவுச்சின்னங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

8. எதை எல்லோருக்கும் காட்டுவது

வீட்டில் மூத்தவர்களிடம் கடிதங்களை வாசித்துக் காட்டி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பட்டப்பெயரெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் முதல் வாசிப்பை நீங்கள் தனியாக முடித்துவிட்டு உட்காருங்கள். கடன், பாகப்பிரிவினைக் கோபம், சேதி சொல்லாமல் நின்றுபோன ஒரு கல்யாணம் எல்லாம் எங்கள் கட்டில் இருந்தன. எண்பத்தேழு வயது அத்தை முன்னால் நான் சத்தமாகப் படித்துக்கொண்டே போய் நடுவில் நிறுத்தினேன். "ஏன் நிறுத்துற, எனக்குத் தெரியும், படி" என்றார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. இப்போது ஏழு கடிதங்களைக் குடும்பத்துக்கு வெளியே கொடுப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வைத்திருக்கிறோம்.

9. அசல் எங்கே இருக்க வேண்டும்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தம் "நாலு கடிதம் எனக்குக் கொடு, பிரேம் போட்டுக்கிறேன்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 வருடத்தைத் தாண்டினால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். நல்ல கலர் பிரிண்ட் கொடுங்கள். சுவரில் மாட்ட அது போதும்.

வீட்டில் வைப்பதானால் வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு. அமிலமற்றது என்று அச்சிட்ட தாளை மடித்து, அதற்குள் கடிதத்தை விரித்த நிலையில் வையுங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது பிவிசி, பாலியஸ்டர் நல்லது. பென்சில் எழுத்துக்கு மட்டும் பாலியஸ்டரும் கூடாது, தூளை இழுத்துக்கொள்ளும். தாள், பெட்டி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 2,200 ரூபாய். மீதிப் பணம் ஸ்கேனருக்கும் ஹார்ட் டிஸ்குகளுக்கும் பயணத்துக்கும் போனது.

நூலகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். நம் கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த நூல்களில் தொடங்கிய இடம் அது. எங்கே கொடுத்தாலும் நன்கொடையா, இரவலா, யார் பார்க்கலாம், அச்சிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற நாலும் எழுத்தில் இருக்கட்டும். எண் போட்ட பட்டியலோடுதான் ஒப்படைக்க வேண்டும்.

பெரிய வீட்டு ஆச்சிக்கும் ஒரு முழுப் பிரதி கொடுத்தோம். ஜோடி தெரியாத 11 உறைகளை "பெட்டியில் தனியாகக் கிடந்தவை அல்ல, நாங்கள் பிரித்தவை" என்று பென்சிலால் எழுதிய தாளுக்குள் வைத்திருக்கிறேன். உங்களிடமும் அப்படி மிஞ்சினால், பார்க்கப் பொருத்தமாக இருக்கிறதே என்று ஊகித்து எந்தக் கடிதத்தோடும் சேர்த்துவிடாதீர்கள்.